பல வருடம் நின்றுபோன பிக்கப்பை வீட்டிலேயே மீட்பது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பல வருடம் ஒரே இடத்தில் நின்ற பிக்கப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் கை சும்மா இருக்காது. கார்புரேட்டர் கிட், காயில், பெட்ரோல் பம்ப் என்று பட்டியல் போட்டு வாங்க ஆரம்பித்துவிடுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கழற்றிப் போட்ட பழைய பாகங்களைப் பின்னால் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது பாதிக்கு மேல் நல்ல நிலையில்தான் இருந்தன. கையில் காசு குறைவு என்றால் விதி ஒன்றுதான்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் தகடுகள்), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது), வேக்குவம் கேஜ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பை அளப்பது) ஆகிய ஐந்தும் முதலில் கையில் இருக்கட்டும். இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பேட்டரி எத்தனை வோல்ட், எந்த முனை எர்த் (வண்டியின் இரும்பு உடலோடு இணைவது) என்று பாருங்கள். அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு பிக்கப்கள் 1955 வரை 6 வோல்ட்; அதோடு பாசிட்டிவ் முனைதான் எர்த். அதே காலத்து ஷெவர்லே 3100-உம் 6 வோல்ட்தான், ஆனால் நெகட்டிவ் எர்த். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் டைனமோவின் கட்-அவுட் (பேட்டரிக்குப் போகும் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கருகும். யாராவது இடையில் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால் அதன் டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும். கீழே சொல்லும் பேட்டரி எண்கள் 12 வோல்ட் வண்டிக்கானவை. 6 வோல்ட் என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

இன்ஜின் அசையவே இல்லை

செல்ஃபை அடித்துப் பார்க்காதீர்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தொடும் இடத்தில் துரு பிடித்திருக்கும். அதன்மேல் செல்ஃப் மோட்டாரின் முழு பலமும் விழுந்தால் ரிங் உடையும்.

எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி விட்டுவிடுங்கள். அசிட்டோன் சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள், திறந்த இடத்தில் செய்யுங்கள். நான்கைந்து நாள், தேவைப்பட்டால் இரண்டு வாரம்கூட ஊறட்டும். குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள். அப்புறம் கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும். அங்கேயே நிறுத்தி, திருப்பிக் கொண்டுவந்து, மறுபடி தள்ளுங்கள். இந்த வேலையில் பொறுமைக்கு மாற்றே கிடையாது.

சுற்ற ஆரம்பித்ததும் வால்வு கவரைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுற்றியபடி ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஸ்டார்ட் செய்த உடனே புஷ் ராட் வளையும். ஊற்றிய கலவை கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்திருக்கும் என்பதால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும்.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும், அல்லது மிக மெதுவாகச் சுற்றுகிறது

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியை நம்பாதீர்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டிக்' வந்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றாதீர்கள், இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய வெற்று இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. என் வண்டியில் 1.8 காட்டியது. எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். மேலே பார்க்கப் பளபளப்பு. போல்ட் உட்காரும் வளையத்தின் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, சேஸில் அது தொட்ட இடத்தில் பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்து முறுக்கியதும் 0.1-க்கு வந்தது. செல்ஃப் முதல் அடியிலேயே சுற்றியது.

6 வோல்ட் வண்டி எப்போதும் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் கேபிளின் தடிமனைப் பாருங்கள். அதே வேலைக்கு அதற்கு இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். யாராவது 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் தீராது.

நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பொறி இல்லையா, பெட்ரோல் இல்லையா என்று முதலில் பிரியுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு மாட்டி, அதன் உடலை இன்ஜின் பிளாக்கில் எர்த் ஆகும்படி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். கழற்றிய பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாக, சத்தத்தோடு பொறி விழ வேண்டும். மஞ்சளாக, மெலிதாக விழுந்தாலோ விழாவிட்டாலோ பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறங்கள்.

நெடுநாள் நின்ற வண்டியில் பெரும்பாலும் பழுது பாயிண்டில்தான் (காயிலுக்கான கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனைகள்). தொடும் இரண்டு முகங்களிலும் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்து கரண்ட்டைத் தடுக்கும். கெட்டியான, சுத்தமான அட்டைத் துண்டை முகங்களுக்கு நடுவே வைத்து, பாயிண்டை மூடவிட்டு இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை புதுத்துண்டு மாற்றி மாற்றி இழுங்கள். அப்புறம் இன்ஜினைக் கையால் சுற்றி, பாயிண்டின் கட்டை கேமின் (சுழலும் தண்டில் உள்ள மேடுகளின்) உச்சியில் ஏறி நிற்கும் இடத்தில் இடைவெளியை அளங்கள். பெரும்பாலான வண்டிகளில் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை. ஃபீலர் கேஜ் மெல்லிய உரசலோடு போய்வர வேண்டும்; பாயிண்டைத் தள்ளித் திறக்கக் கூடாது. முகம் நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் பாயிண்டோடு இணைந்திருக்கும் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். இந்த இடைவெளியை மாற்றினால் இக்னிஷன் டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) நகரும் என்பதை மறக்க வேண்டாம். முதலில் இடைவெளி, பிறகு டைமிங்.

பிளக் ஒயர்களை ஒருவர் கழற்றி மாட்டியிருந்தால் சிலிண்டர்களில் பொறி விழும் வரிசையும் தப்பியிருக்கலாம். நேர் ஆறு சிலிண்டரில் வழக்கமான வரிசை 1-5-3-6-2-4; நான்கில் பெரும்பாலும் 1-3-4-2.

பொறி சரி என்றால் ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, இன்ஜின் நின்றிருக்கும்போதே கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் இணைப்பைக் கையால் இழுங்கள். பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் காலி. ஒரு ஊசிக்குழலால் கிண்ணத்தின் காற்றுத் துளை வழியே புதுப் பெட்ரோலை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடி ஓடி நின்றால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டியதில்லை. பழுது அதற்குப் பின்னால், பம்பிலோ குழாயிலோ டாங்கிலோ இருக்கிறது. செல்ஃப் அடித்துக்கொண்டே கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றும் வழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு பின்வெடி போதும், கையிலும் முகத்திலும் தீ.

செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது

12 வோல்ட் வண்டியில் இது அநேகமாக பலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் தடை) அறுந்ததன் அடையாளம். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்குக் கரண்ட் நேராகப் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகத்தான் போகும். மீட்டரில் ஓம் பாருங்கள். சுமார் ஒன்றரை ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அதை மட்டும் மாற்றுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது

என்னை அதிகம் அலையவிட்டது இந்த அறிகுறி. முதலில் கார்புரேட்டர் கிட் மாற்றினேன். அடுத்து காயில். இரண்டுக்குப் பிறகும் அதே பதினைந்து நிமிடம். கடைசியில் நின்ற அந்தக் கணத்திலேயே பானெட்டைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் விடை சொன்னது. இந்தப் பழுது நிற்கும்போதுதான் தன்னைக் காட்டும். வண்டி ஆறிய பிறகு எல்லாமே சரியாகத் தெரியும்.

நின்ற உடனே மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பெட்ரோல் டாங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வருகிறதா? வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது; டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரவில்லை. இரண்டு, பிளக்கில் பொறி இருக்கிறதா? இல்லையென்றால் சூட்டில் காயிலோ கண்டென்சரோ விடுகிறது. மூன்று, கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் பீய்ச்சுகிறதா?

என் வண்டியில் உஸ் இல்லை. பொறி நன்றாக இருந்தது. பெட்ரோல் மட்டும் இல்லை. பம்புக்கு வரும் குழாயைக் கழற்றினால் சொட்டுக்கூட வரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அதே குழாயில் தானாக வந்தது. டாங்கைக் கழற்றி, வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது அடியில் நகம் அளவுக்குத் துருச் செதில்கள் கிடந்தன. பம்ப் இழுக்க இழுக்க ஒரு செதில் நகர்ந்து வந்து உறிஞ்சு குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு போய் விழுந்துவிடும். பதினைந்து நிமிடம் என்பது அந்தச் செதில் வந்து சேரும் நேரம்.

டாங்கைச் சுத்தம் செய்யக் காசு அதிகம் வேண்டாம். காலி செய்து, சோப்புத் தண்ணீரோடு ஒரு மெல்லிய சங்கிலியையோ கூழாங்கற்களையோ போட்டு எல்லாப் பக்கமும் குலுக்குங்கள். கழுவி, சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கரைசலால் அலசி, தண்ணீரில் கழுவி, உடனே காற்றடித்து உலர்த்துங்கள். தாமதித்தால் கண்ணெதிரே புதுத்துரு பூக்கும். ஓட்டை இருந்தால் அடைக்க வெல்டிங்கோ சூட்டிரும்போ வேண்டாம். பெட்ரோல் இருந்த டாங்க் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் வெடிக்கும். அது அதற்கென்று வசதி உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை.

டாங்கைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று: 1949-க்குப் பிந்தைய ஷெவர்லே 3100 போன்ற சில வண்டிகளில் டாங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். உள்ளே பெட்ரோல் வாடை வந்தால் நிரப்பும் குழாயின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும் என்பதால் எல்லாப் பெட்ரோல் ஹோஸையும் புதிதாகப் போடுவதுதான் நல்லது. அளக்காமல் மாற்றலாம் என்று நான் சொல்லும் பாகங்களில் இதுவும் ஒன்று.

ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடுவது) சீராக இல்லை, ஆக்சிலேட்டர் மிதித்தால் தடுமாறுகிறது

வேக்குவம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாயில்) மாட்டுங்கள். நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை, முள் ஆடாமல் காட்டும். உயரமான ஊர்களில் 300 மீட்டருக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையும். ஆடாமல் தாழ்வாக நின்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. சீரான இடைவெளியில் முள் துள்ளினால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. காற்றுக் கசிவைத் தேட, கேஸ்கட் ஓரங்களில் தண்ணீரை மெல்லிய சாரலாக அடித்தால் போதும். கசியும் இடத்தில் பட்டதும் சத்தம் மாறும். பெட்ரோலோ தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயோ அடித்துத் தேடுவது சூடான சைலன்சர் பக்கத்தில் தீ வைப்பதற்குச் சமம்.

புகை

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சோக் (கார்புரேட்டரின் காற்றைக் குறைக்கும் தகடு) மூடியே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை குப்பென்று வந்து நின்றால் வால்வு சீல். மேட்டில் ஏறும்போது விடாமல் வந்தால் ரிங். வெண்புகை இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்.

இதை உறுதி செய்ய கம்ப்ரஷன் கேஜ். எல்லா பிளக்கும் கழற்றி, த்ராட்டிலை (ஆக்சிலேட்டர் திறக்கும் தகட்டை) முழுக்கத் திறந்து வைத்து அளங்கள். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமான சிலிண்டரின் 75 சதவீதத்துக்காவது வர வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் வெடித்திருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் முதல் அளவை வைத்து இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ரிங்கும் வால்வும் இளகி எண் ஏறுவதை நான் கண்டிருக்கிறேன்.

சூடேறுகிறது

நின்றபடி ஓடும்போது மட்டும் சூடேறினால் காற்று போதவில்லை: ஃபேன் பெல்ட், ஃபேன், ரேடியேட்டர் இதழ்களில் அடைந்த குப்பை. வேகமாக ஓடும்போது மட்டும் என்றால் தண்ணீர் போதவில்லை: உள்ளே அடைத்த ரேடியேட்டர், அல்லது வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பிப் போகும் கீழ் ஹோஸ். இன்ஜினை அணைத்துவிட்டு ரேடியேட்டர் முகத்தில் கையை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். குளிர்ந்த திட்டு இருக்கும் இடத்தில் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் திருகையும் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் உள்ளே துருச்சேறு கெட்டியாகி நிற்கிறது. கம்பியால் குத்திக் குத்தி வெளியே எடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

பிரேக்

இன்ஜின் ஓடிவிட்ட மகிழ்ச்சியில் தெருவுக்கு எடுத்துப் போக மனம் துடிக்கும். பிரேக் முடியாமல் வாசலைத் தாண்டாதீர்கள். 1967-க்கு முந்தைய பல பிக்கப்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் பாதைதான். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நான்கும் போகும்.

பெடல் பஞ்சு போல இருந்தால் குழாயில் காற்று. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். பெடல் கெட்டியாக நின்று, காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது.

காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தச் சக்கரத்தின் ஏர் நிப்பிளை (காற்று எடுக்கும் திருகை) தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விட்டுவிட்டால் குற்றவாளி ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே உப்பி, துளை ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். காலின் பலத்தில் ஆயில் போகும், ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பி வராது. பழைய ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். நான்கு சக்கரமும் சேர்ந்து பிடித்தால் ஹோஸை விட்டுவிட்டு, மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளையையும் பெடல் அழுத்தம் இல்லாமல் சும்மா இறங்கும் இடைவெளியையும் பாருங்கள்.

ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், ஆயில் இம்மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். சிலிக்கோன் வகை பிரேக் ஆயிலான டாட் 5-ஐ டாட் 3, 4-உடன் கலக்கக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கிளட்ச் மிதித்தாலும் கியர் விழவில்லை

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு (இன்ஜினின் கனமான சக்கரத்தோடு) துருப்பிடித்து ஒட்டியிருக்கும். பெடலை ஒரு மரக்கட்டையால் முழுக்க அழுத்தி முட்டுக்கொடுத்துச் சில நாள் விடுங்கள். பெரும்பாலும் அதிலேயே விட்டுவிடும்.

ஸ்டியரிங்கில் ஆட்டம்

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். போய்விட்டால் வீல் பேரிங். போகாவிட்டால் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு). இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் மூட்டு). இவை எல்லாம் சரியான பிறகுதான் ஸ்டியரிங் பாக்ஸின் திருகைத் தொட வேண்டும். பல்லின் நடுப்பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். அந்த ஆட்டத்தை ஒழிக்க இறுக்கினால் வளைவில் திருப்பும்போது தேயாத ஓரப் பற்களில் ஸ்டியரிங் சிக்கிக்கொள்ளும்.

பெயின்ட் கொப்புளம்

கேபின் மூலைகளிலும் கதவின் அடியிலும் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் அது மேலிருந்து வந்த துரு இல்லை. உள்ளேயிருந்து தகட்டைத் தின்றுகொண்டே வந்து பெயின்ட்டைத் தூக்கியிருக்கிறது. மேலே தேய்த்துப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் பழைய பட்டி இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தட்டுங்கள். கெட்டித் தகடு கணீரென்று சொல்லும். மக்கியது மந்தமாகக் கேட்டு, உள்ளே இறங்கிவிடும். கெட்டி கேட்கும் இடம்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமன் தகட்டை வெல்டிங் செய்யுங்கள். தொடர்ந்து இழுக்காமல் இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக வைத்து, ஆறவிட்டு நிரப்பினால்தான் தகடு நெளியாது. முன்னதாக பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் ஈரம் வைத்தே தேய்த்து, முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

புதுத்தகடு வைத்து, பிரைமர் அடித்து, உட்புறத்துக்கு மெழுகும் அடித்த பிறகு கதவின் அடிவிளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளைத் தேடுங்கள். வெல்டிங்கிலும் பிரைமரிலும் அவை அடைபட்டிருக்கும். கம்பியால் குத்தித் திறந்து, கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் முழுவதும் கீழே வடிந்து தரையில் விழுந்தால் அந்தக் கதவுக்கு பெயின்ட் அடிக்கலாம்.